படச்சுருளில் ஏறாத பல்லாவரம்

1916ஆம் ஆண்டு இருவேறு நிலங்களில் இரண்டு எழுச்சிகளைக் கண்டது. ஏப்பிரல் 24ஆம் நாள் தபுளின் நகர அஞ்சல் தலைமையகத்தைக் கைப்பற்றி, அயர்லாந்து மறவர் தன்னாட்சி முழங்கினர். அதே ஆண்டில் பல்லாவரத்தில் மறைமலையடிகள் தனித்தமிழுக்கு வித்திட்டார். அங்கே துமுக்கி; இங்கே தூவல். அங்கு நிகழ்ந்ததை இன்றும் திரையில் காணலாம். இங்கு நிகழ்ந்ததைக் காண விழைவோர்க்கு ஏடுகளே எஞ்சியுள்ளன.

அயர்லாந்து மக்களுள் பெரும்பாலோர்க்கு ஆங்கிலமே வீட்டுமொழியாகிவிட்டது. ஆயினும் 1953இல் தோன்றிய 'கேல் இலின்' என்னும் மொழிக்காப்பு அமைப்பு, அரசின் கையை எதிர்பார்த்து அமர்ந்திருக்கவில்லை. விளையாட்டுப் போட்டிகளின்மேல் சீட்டு நடத்திப் பொருளீட்டியது. (அறத்தின்பாற்பட்ட வழியா என்பது வேறு வழக்கு, ஈட்டிய பொருள் மொழிக்கே சென்றது.) 1956 முதல் 1964 வரை ஐரிய மொழியிலேயே செய்திப்படங்கள் எடுத்துத் திரையரங்குகளுக்கு அனுப்பியது. 1959இல் அவ்வமைப்பின் சார்பில் சியார்சு மாரிசன் என்பார், பல நாட்டுக் கிடங்குகளில் சிதறிக் கிடந்த பழஞ்சுருள்களைத் தேடித் தொகுத்து, 'நான் அயர்லாந்து' என்று பொருள்படும் 'மிசெ ஏரெ' என்னும் முழுநீள ஆவணப்படத்தை உருவாக்கினார். அதன் விளக்கவுரை முழுதும் ஐரியம். தம் பாட்டன்மாரின் போரைத் தம் மொழியில் கேட்க மக்கள் திரண்டனர்.

பின்னாளில் 'மைக்கேல் காலின்சு' (1996) போன்ற பெரும்பொருட் படங்களும் வந்தன. அவற்றில் அயர்லாந்து மறவன் ஆங்கிலனை ஆங்கிலத்திலேயே எதிர்க்கிறான். படம் நன்று, மொழி தோற்றது. மாறாக, 2022இல் வெளிவந்த 'ஆன் கலீன் கியூன்' என்னும் எளிய ஐரியப் படம் ஆசுகர் பரிசின் இறுதிப் பட்டியல் வரை சென்றது. 1996இல் தொடங்கிய ஐரியத் தொலைக்காட்சி உழுதிட்ட நிலத்தின் விளைவு அது.

தமிழனுக்கு இத்திறம் இல்லையா? இருந்தது, முந்தியும் இருந்தது. 1937 அக்தோபர் 2ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து தபுளின் செல்லும் கப்பலில், அ. கருப்பன் என்னும் ஏ.கே. செட்டியார்க்குக் காந்தியாரைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் எழுந்தது. நாடு நாடாக அலைந்து ஏறத்தாழ 50,000 அடிச் சுருள் திரட்டினார். 1940இல் தமிழ் விளக்கவுரையோடு படம் வெளிவந்தது. மாரிசனுக்கு ஏறத்தாழ இருபதாண்டு முன்னரே ஒரு தமிழன் செய்த அரும்பணி! அத்தமிழ்ப் படம் இன்று கிட்டவில்லை. பின்னர் அமெரிக்காவில் உருவான ஆங்கில வடிவமே ஆய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதியின் தேடலால் கண்டெடுக்கப்பெற்றது. தமிழ் அழிந்து ஆங்கிலம் எஞ்சிய இக்கொடுமைக்கு எந்தப் பகைவனையும் நோவதற்கில்லை.

'மிசெ ஏரெ' வெளிவந்த அதே 1959இல் இங்கு 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வந்தது. அதன் உரையாடல் தமிழர் நெஞ்சை நிமிர்த்தியது உண்மை. ஆனால் போர்க்காட்சிகளை இராசத்தானத்தில் எடுத்தனர். பாஞ்சாலங்குறிச்சி மண் திரையேறவில்லை. கதைப்படம் உணர்ச்சி ஊட்டும், சான்று ஆகாது.

சான்றுக்கோ தென்சென்னையில் பஞ்சமில்லை. 1863இல் இராபர்ட்டு புரூசு பூட்டு பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்த நிலம் பல்லாவரம். அடிகள் 1911 வரை தமிழ் பயிற்றிய கிறித்தவக் கல்லூரி 1937 முதல் தாம்பரத்தில் உள்ளது. ஆயிரக்கணக்கான படங்கள் பிறந்த கோடம்பாக்கம், 1965 சனவரி 26இல் மொழிக்காக உயிரீந்த சிவலிங்கத்தின் ஊர். அவர் நினைவுக்கு அங்கு எத்தனை அடிச் சுருள் செலவிடப்பட்டது என்பதைப் படமுதலாளிகளே கணக்கிடட்டும்.

1965இல் இருபது அகவையில் தெருவில் இறங்கிய மாணவர்க்கு இன்று எண்பது. குரோம்பேட்டையிலும் செம்பாக்கத்திலும் சேலையூரிலும் அத்தகையோர் எவரேனும் இருப்பின், இப்பகுதித் தமிழ் மன்றங்கள் அவரைத் தேடிச் செல்லல் வேண்டும். மாலையும் பொன்னாடையும் பிறகு ஆகட்டும். படப்பொறி இன்று ஒவ்வொருவர் கைப்பேசியிலும் உள்ளது. பெயர், ஊர், சிறைப்பட்ட நாள் ஆகியவற்றை முதலில் அவர் வாயாலேயே சொல்லச் செய்து, பின் அவர் விரும்புமளவு பேசவிட்டுப் பதிவு செய்க. இடையே எவரும் சொற்பொழிவாற்ற வேண்டா. பதிவின் படிகளை ஓரிடத்தில் மட்டும் வையாமல் மூன்று ஊர்களிலேனும் வைத்துக் காக்க. அடிகள் நினைவுநாளாகிய செபுதம்பர் 15க்குள் பத்துப் பேரையாவது பதிவு செய்துவிடலாம்.