கண் ஏமாந்தது, காது கண்டுகொண்டது

‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்பது முன்னோர் வாக்கு. இதன் உண்மையை உணர ஒரு தவளையின் வரலாறே போதும்.

அமெரிக்காவின் சதுப்பு நிலங்களில் சிறுத்தைத் தவளைகள் வாழ்கின்றன. சிறுத்தையைப் போல் மேனியெங்கும் கரும்புள்ளிகள் இருப்பதால் இப்பெயர். நியூயார்க் வட்டாரத்தில் வடபுலத்து வகை, தென்புலத்து வகை என இரண்டு மட்டுமே உண்டெனப் பலரும் நம்பினர். மூன்றாவது வகை ஒன்றும் உண்டென்று 1937-இல் கார்ல் காஃபெல்டு என்னும் அறிஞர் எழுதினார். ஆயினும் அவர் கூற்றை அறிஞருலகம் ஏற்கவில்லை. 1974-இல் அவர் மறைந்தார்.

அவர் எழுதி ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழிந்தபின், அந்நகரைச் சேர்ந்த ஸ்டேட்டன் தீவில் ஜெரமி ஃபைன்பெர்க் என்ற ஆய்வு மாணவரின் காதில் புதியதொரு குரல் விழுந்தது. தென்புலத்துத் தவளை ‘அக், அக், அக்’ என அடுக்கடுக்காய் ஒலிக்கும். வடபுலத்தது நீண்ட குறட்டையாய் இழுக்கும். இதுவோ ‘சக்’ என்று ஒரே ஒலியோடு நிறுத்திக்கொண்டது!

வாசகர்களே, இனம் பிரித்தறியும் வழி இதுதான். ஆண் தவளையின் அழைப்பொலியை முதலில் கூர்ந்து கேட்க வேண்டும். அடுத்து, பின்தொடையின் பின்புறத்தை நோக்க வேண்டும். புதிய வகையில் அது கருமையாகவும், அதன்மேல் வெளிர்ப்புள்ளிகள் தெளித்தாற்போலவும் இருக்கும். மற்ற இரண்டிலும் அவ்விடம் பெரும்பாலும் வெளிறியே காணப்படும். முதுகுப் புள்ளிகளை மட்டும் நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும். ஐயம் நீங்காவிடில் மரபணுச் சோதனையே இறுதித் தீர்ப்பு.

அச்சோதனை 2012-இல் அத்தவளை தனி இனமே எனக் காட்டியது. 2014-இல் ஃபைன்பெர்க் குழுவினர் அதற்கு ‘ரானா காஃபெல்டி’ எனப் பெயர் சூட்டினர். நாற்பதாண்டுகளுக்கு முன் மறைந்தவரின் சொல் அன்று மெய்ப்பட்டது.

இது வெறும் பெயர்ச் சிக்கலன்று. எங்கும் மலிந்த இனம் என்று எண்ணியதை யார் காக்க முற்படுவர்? நியூயார்க்கை ஒட்டிய லாங் தீவில் சிறுத்தைத் தவளைகள் அடியோடு மறைந்தபோது, தனியோர் இனம் தன் வாழிடத்தை இழக்கிறது என்பதை எவரும் அறிந்திலர். பிரித்தறியாததைப் பேணிக் காக்கவும் இயலாது. ஆகவே, ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று கடந்து செல்லுமுன், சற்றே நின்று செவிசாய்ப்போமாக!