கை கொடுத்தேன், வீடு கொடுக்கலை

ரொம்ப நாளா எழுத நினைச்சு, கூச்சப்பட்டுத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. யாரையும் திட்டுறதுக்கான பதிவு இல்லை. திட்டணும்னா முதல் ஆள் நான்தான்.

எங்க வீட்டு மாடியில ஒரு போர்ஷன் இருக்கு. போன வருஷம் காலியாச்சு. எங்க சபைக்கு வர்ற ஒரு தம்பி, புதுசா கல்யாணம் ஆனவர், "அண்ணே, மாடி காலியாமே, எங்களுக்குத் தருவீங்களா?"ன்னு கேட்டார். தங்கமான பையன், பாடகர் குழுவுல இருக்கார். "அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன் தம்பி"ன்னேன். அம்மா கேட்டது ஒரே கேள்வி.

"எந்த ஊராம்?"

தென்மாவட்டத்துக்காரங்களுக்கு இதுக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. ஊர் தெரிஞ்சா தெரு தெரியும், தெரு தெரிஞ்சா மத்ததும் தெரிஞ்சிரும். சாதிங்கற வார்த்தையை யாரும் வாயைத் திறந்து சொல்லவே இல்லை. மறுநாள் அந்தத் தம்பிகிட்ட, "சொந்தக்காரங்களுக்குப் பேசி வச்சிருக்காங்களாம்ப்பா"ன்னு பொய் சொன்னேன். சொன்னது அம்மா இல்லை, நான். "பரவால்லண்ணே"ன்னு சிரிச்சுக்கிட்டே போயிட்டார்.

அடுத்த ஞாயித்துக்கிழமை நற்கருணை ஆராதனை. எங்க முறைமையில, அப்பமும் ரசமும் வாங்கப் போறதுக்கு முன்னாடி ஒருத்தருக்கொருத்தர் கை கொடுத்து சமாதானம் சொல்லணும். பக்கத்து வரிசையிலிருந்து ஒரு கை நீண்டுச்சு. அதே தம்பி. கொடுத்தேன். "சமாதானம்"னு சொல்லவும் செஞ்சேன். பலிபீடத்துல காணிக்கை வைக்கும்போது சகோதரனுக்கு உன்மேல குறை இருக்குன்னு ஞாபகம் வந்தா, காணிக்கையை அங்கேயே வச்சிட்டுப் போய் முதல்ல ஒப்புரவாகுன்னு மத்தேயு 5-ல இயேசு சொன்னது சரியா அந்த நேரம் பார்த்தா ஞாபகம் வரணும்? வந்துச்சு. ஆனா நான் போய் அப்பம் வாங்கிட்டுத்தான் வந்தேன்.

அன்னிக்கிலிருந்து ஒண்ணு யோசிக்கிறேன். தேவனிடத்தில் அன்பு, பிறனிடத்தில் அன்பு - பெரிய கட்டளை இந்த ரெண்டும்தான்னு ஞாயிறு பள்ளியிலேயே மனப்பாடம் பண்ணியாச்சு. முதலாவதுல நாம புலிங்க. பாட்டு, உபவாச ஜெபம், கண்ணீர், கன்வென்ஷன் எல்லாம் உண்டு. ரெண்டாவதுன்னு வந்தா கிறிஸ்மஸுக்கு அநாதை இல்லத்துல பிரியாணி கொடுக்கிறதோட முடிஞ்சிருது. தூரத்துல இருக்கிற பிறனை நேசிக்கிறது ரொம்ப ஈசி. அவன் நம்ம மாடிக்குக் குடிவரப் போறதில்லையே :-)

பழைய மொழிபெயர்ப்புல 'பிறன்'னு இருக்கு. கத்தோலிக்கர்கள் வாசிக்கிற பொது மொழிபெயர்ப்புல 'அடுத்திருப்பவர்'. ரெண்டையும் சேர்த்துப் படிச்சாத்தான் விஷயம் விளங்குது. நாம 'பிறன்'னு தள்ளி வச்சிருக்கிற ஆள்தான் நமக்கு அடுத்து இருக்கிறவர்.

இந்தக் கட்டளை முதல்ல வர்றது லேவியராகமம் 19-ல. அந்த அதிகாரத்தை முழுசா ஒரு தடவை படிச்சுப் பாருங்க. கூலிக்காரனோட கூலியை விடியற வரைக்கும் கையில வச்சிருக்காதே, குருடன் முன்னால தடுக்கலை வைக்காதே, எடையிலயும் அளவுலயும் ஏமாத்தாதே, வயலை ஒட்ட அறுக்காம ஓரத்தை ஏழைக்கு விடு, கோள் சொல்லித் திரியாதே. எல்லாம் கடை, களம், கூலி சமாச்சாரம். இந்த வரிசைக்கு நடுவுலதான் பிறனை நேசின்னு வருது. அன்புன்னா அங்க நெஞ்சு உருகுறது இல்லை, கொடுக்கல் வாங்கல்.

எங்க மாமா ஒருத்தர்கிட்ட இதைச் சொன்னப்போ, "வீடு உன் சொந்தம்டா, யாருக்குக் கொடுக்கணும்னு உன் இஷ்டம். ஆத்துமா விஷயத்தோட இதைக் குழப்பாதே"ன்னார். நல்ல சமாரியன் ஏத்திக்கிட்டுப் போன கழுதையும் அவனோட சொந்தம்தானே மாமா? எண்ணெயும், திராட்சரசமும், சத்திரக்காரன் கையில கொடுத்த ரெண்டு பணமும் யாரோடது? சொந்தமா இருக்கிறதுலதானே அன்பைக் காட்ட முடியும்! அதுவும் யூதனும் சமாரியனும் கொடுக்கல் வாங்கல் வச்சுக்காத காலம் அது.

'இதெல்லாம் இப்ப மாறிப் போச்சு'ன்னும் சொல்வாங்க. கொஞ்சம் மாறித்தான் இருக்கு. திருச்சபையில சாதி வித்தியாசமே கூடாதுன்னு பிஷப் டேனியல் வில்சன் 1833-லயே உத்தரவு போட்டார். தஞ்சாவூர்லயும் வேப்பேரியிலயும் பெரிய எதிர்ப்பு. வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயில்ல நடுவுல சுவர் வச்சு ரெண்டு பக்கமா ஜனங்களைப் பிரிச்சிருந்தாங்க. 1910-ல அதை இடிச்சாங்க. பிரிவினை திரும்ப வேணும்னு சிலர் ஹைகோர்ட் வரைக்கும் போய்த் தோத்தாங்க. ஆக கோயிலுக்குள்ள இருந்த சுவர் போயி நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. அசனத்துல ஒரே பந்தியில உட்கார்ந்து சாப்பிடுறோம், சந்தோஷம். ஆனா அந்தச் சுவரோட செங்கல்லை ஆளுக்கு ரெண்டு வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டோமோன்னு தோணுது. வாடகைக்கு விடும்போதும் பொண்ணு பார்க்கும்போதும் வெளிய எடுக்கிறோம்.

காண்கிற சகோதரனை நேசிக்காதவன் காணாத தேவனை எப்படி நேசிப்பான்னு யோவான் தன் முதல் நிருபத்துல கேட்கிறார். எனக்கு இதுக்குப் பதில் தெரியலை. கொயர்ல மூணாவது வரிசையில வாராவாரம் கண்ணுக்கு நேரா நிக்கிற சகோதரன் அவர்.

போன மாசம் மாடி திரும்பக் காலியாச்சு. மனசைத் திடப்படுத்திக்கிட்டு அந்தத் தம்பிக்குப் போன் பண்ணி, நான் சொன்னது பொய்ன்னு ஒத்துக்கிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "அன்னிக்கே தெரியும்ணே"ன்னார். அவங்களுக்கு வேற வீடு கிடைச்சு, குழந்தையும் பிறந்தாச்சு. இனிமே மாறி வர்ற உத்தேசம் இல்லையாம். அவ்வளவுதான். மன்னிச்சாரா இல்லையான்னு நான் கேட்கலை.

வாசல்ல 'வீடு வாடகைக்கு' போர்டு தொங்குது. "யார் வந்தாலும் 'எந்த ஊரு'ன்னு மட்டும் கேட்கக் கூடாதும்மா"ன்னு சொல்லியிருக்கேன். அம்மா ரெண்டு நாளா எங்கிட்ட சரியாப் பேசலை. பேசுவாங்க.

உங்க வீட்டு மாடி எப்படிங்க?