தொலைநோக்கி தெருவுக்கு வரட்டும்

வானியல் ஆர்வலர் குழுக்கள் மொட்டைமாடியில் தங்களுக்குள் கூடிக் கலைந்தால் போதாது. தொலைநோக்கியைத் தெருவுக்குக் கொண்டுவர வேண்டும். இதற்கு வழிகாட்டியவர் ஜான் டாப்சன். வேதாந்தத் துறவியாக இருந்த அவர், 1967இல் மடத்தை விட்டு வெளியேறினார். அடுத்த ஆண்டே சான் பிரான்சிஸ்கோவில் நடைபாதை வானியலாளர்கள் குழு உருவாகக் காரணமானார். கப்பல் சன்னல் கண்ணாடியைக் கையால் தேய்த்துத் தேய்த்து ஆடியாக்கினார். கட்டுமானத்துக்குப் பயன்படும் அட்டைக் குழாயில் அதைப் பொருத்தி, ஒட்டுப்பலகைப் பெட்டியில் நிறுத்தினார். இன்று உலகெங்கும் ஆர்வலர்கள் பயன்படுத்தும் அந்த எளிய அமைப்புக்கு டாப்சோனியன் என்றே பெயர். அதை வைத்துக்கொண்டு, போவோர் வருவோரை அழைத்து நிலவையும் சனியையும் காட்டினார். சனியின் வளையத்தைப் படத்தில் எத்தனை முறை பார்த்திருந்தாலும், கண்வில்லைக்குள் அது சின்னஞ்சிறிதாய், துல்லியமாய் மிதப்பதைப் பார்க்கும்போது, “நிஜமாவா?” என்று கேட்கத்தான் தோன்றும். அந்த ஒரு கேள்விக்காகவே தெருவில் நிற்கலாம். நல்ல காரியத்துக்கு ஆகாது என்று நாம் ஒதுக்குகிற அஷ்டமி, வளர்பிறையில் நிலவைப் பார்க்க அருமையான நாள். பௌர்ணமியில் மங்கித் தெரியும் பள்ளங்கள், அன்று ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டருகே நீண்ட நிழலோடு துலங்கும். தெருவிளக்கு வெளிச்சமும் இதற்குத் தடையில்லை. ஆகவே, ஊர்தோறும் உள்ள வானியல் நண்பர்களே, கிரகணம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வரும் வளர்பிறை அஷ்டமியன்று மாலை, உங்கள் பேருந்து நிலையத்தருகே ஒரு தொலைநோக்கியை நிறுத்துங்கள்.