முகத்துவாரம் மூடினால்

பங்காருபாளையத்து மாம்பழ லாரிகள் போகும் சாலையில் சென்னைக்கு வருகிறவர்களின் கடல் ஆசை பெரும்பாலும் மெரினாவோடு தீர்ந்துவிடுகிறது. இன்னும் சுமார் 60 கி.மீ. வடக்கே போனால் பழவேற்காடு. கூட்டமில்லை, கடைவீதி ஆரவாரமில்லை.

டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். துணி ஏற்றினார்கள், அடிமைகளையும்தான். கோட்டை இன்று புதர். கல்லறைத் தோட்டம் மட்டும் மிச்சம், வாசலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்களுடன்.

ஊரின் பிழைப்பு ஏரியில். அதன் பெரும்பகுதி ஆந்திரத்தின் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. கடலில் பொரிக்கும் இறால் குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்கின்றன. மணல் மூடினால் இறால் உள்ளே வராது, படகு வெளியே போகாது. தூர்வாரச் சொல்லி மீனவர்கள் கேட்காத ஆண்டு அபூர்வம். யார் எங்கே என்றைக்கு வலை கட்டுவது என்பதைக் குப்பங்கள் 'பாடு' முறையில் பகிர்ந்துகொள்கின்றன. நியாயமான ஏற்பாடு - அதற்குள் பிறந்தவர்களுக்கு. மற்றவர்களுக்கு அந்த இடங்களில் உரிமை கிடையாது.

வடக்கே ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்பும்போது கடலுக்குப் போகத் தடை. தொலைக்காட்சியில் கைதட்டல், குப்பத்தில் அன்றைய வருமானம் போச்சு.

பூநாரைகளைப் பார்க்கக் குளிர்காலமே சரி. யாராவது படகில் கூப்பிட்டால் மட்டும் யோசிக்க வேண்டும்: 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே உல்லாசப் படகு கவிழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கரையிலிருந்தே பறவைகள் தெரியும்.