மீன் மார்க்கெட்டில் செல்லாத ஐந்து சதவிகிதம்

ஞாயிற்றுக்கிழமை காலை சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் கால் வைக்க இடம் இருக்காது. சங்கரா ஒரு பக்கம், நெத்திலி ஒரு பக்கம், நடுவில் வஞ்சிரம் வெட்டும் சத்தம். பேரம் படிந்ததும் கை மாறுவது ரூபாய் நோட்டு. இல்லையென்றால், ஈரம் படாமல் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு க்யூஆர் அட்டை நீளும். கிரெடிட் கார்டைத் தேய்க்கும் மெஷினை அங்கே யாரும் எதிர்பார்ப்பதில்லை.

அதே நாள் மாலை, சூப்பர் மார்க்கெட் வாசலில் குடை போட்டு ஒரு தம்பி நிற்பார். "மளிகைக்கும் பெட்ரோலுக்கும் அஞ்சு பர்சென்ட் திரும்ப வரும் சார். ஆதாரும் பான் கார்டும் இருந்தா போதும் மேடம்."

அவர் பொய் சொல்லவில்லை. ஐந்து சதவிகிதம் என்று அவர் கையில் இருக்கும் நோட்டீஸிலேயே அச்சடித்திருக்கிறது. ஆனால், எதில் ஐந்து சதவிகிதம்? கையெழுத்துப் போடும் முன்பு கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அதற்கான பதில் அந்தத் தம்பியிடம் இல்லை. உங்கள் வீட்டுச் செலவு நோட்டில் இருக்கிறது.

கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், வீட்டில் ஒரு பெரியவர், இரண்டு ஸ்கூட்டர்கள். இப்படி ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் வீட்டுச் சாமானுக்கு 13,000 ரூபாய், பெட்ரோலுக்கு 3,000 ரூபாய். மொத்தம் 16,000. ஐந்து சதவிகிதம் என்றதும் மனசு போடும் கணக்கு மாதம் 800, வருஷத்துக்கு 9,600. ஒரு கிராம் தங்கத்துக்குக்கூடக் காணாது என்றாலும், தீபாவளி ஜவுளிக்கு ஆகும்.

இப்போது அந்த 13,000 ரூபாயைப் பிரித்துப் பாருங்கள். மீனும் கறியும் 2,000. பால் 1,500. தள்ளுவண்டிக் காய்கறி 1,700. தெருமுனை அண்ணாச்சி கடையில் அவ்வப்போது வாங்குவது 3,800. மாத ஆரம்பத்தில் சூப்பர் மார்க்கெட்டில் போடும் மொத்த பில் 4,000. கார்டைத் தேய்க்கக்கூடிய இடம் கடைசியாகச் சொன்ன ஒன்றுதான். பெட்ரோலையும் சேர்த்தால் 16,000 ரூபாயில் கார்டின் கண்ணுக்குத் தெரிவது 7,000. பாதிகூட இல்லை.

அண்ணாச்சியிடமும் மெஷின் இருக்கிறதே என்பீர்கள். இருக்கலாம். கார்டு என்றதும் "ரெண்டு பர்சென்ட் சேர்த்துத் தரணும்" என்று கேட்கிற கடைகளும் இருக்கின்றன. வங்கிக்குக் கடைக்காரர் கட்ட வேண்டிய கட்டணத்தை உங்கள் தலையில் வைக்கிறார். இரண்டு சதவிகிதம் கொடுத்து ஒன்றேகால் சதவிகிதம் வாங்குவதற்குப் பேசாமல் ரொக்கமே கொடுத்துவிடலாம்.

இன்னொரு சிக்கல் வெளியே தெரியாது. ஒவ்வொரு கடைக்கும் கார்டு நிறுவனங்கள் ஒரு நான்கு இலக்க எண் வைத்திருக்கின்றன. மளிகைக் கடைக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்கும் 5411, பெட்ரோல் பங்க்குக்கு 5541. நீங்கள் வாங்கியது துவரம்பருப்புதான் என்றாலும், மெஷின் வாங்கும்போது அந்தக் கடை வேறு வகையில் பதிவாகியிருந்தால் அது மளிகைச் செலவு ஆகாது. கார்டுக்குப் பருப்பு தெரியாது, எண்தான் தெரியும். முதல் மாத ஸ்டேட்மென்ட்டில் எந்தக் கடைக்கு எத்தனை பாயின்ட் விழுந்திருக்கிறது என்று பார்த்தால் புரிந்துவிடும்.

க்யூஆர் அட்டை வழியாகக் கிரெடிட் கார்டைப் பயன்படுத்த ஒரு வழி உண்டு. 2022 முதல் ரூபே கிரெடிட் கார்டை மட்டும் யுபிஐ செயலியில் இணைத்து, ஸ்கேன் செய்து பணம் கட்டலாம். விசா, மாஸ்டர்கார்டு கிரெடிட் கார்டுகளுக்கு இந்த வசதி கிடையாது. சிறு கடைகளில் 2,000 ரூபாய் வரையிலான தொகைக்குக் கடைக்காரருக்கும் கட்டணம் இல்லை என்பதால், அண்ணாச்சி முகம் சுளிக்க மாட்டார். ஆனால் அவருடைய க்யூஆர் வணிகக் கணக்காக இருக்க வேண்டும். மீன்கார அம்மாவின் மகன் தன் போனில் எடுத்துக் கொடுத்த சொந்தக் கணக்கு க்யூஆர் என்றால் கார்டு வேலை செய்யாது. வேலை செய்தாலும், யுபிஐ செலவுக்குப் பாயின்ட்டைக் குறைத்தோ, தராமலோ விடும் கார்டுகள் உண்டு. ஆகவே, விண்ணப்பிக்கும்போதே "ரூபேயில் கிடைக்குமா, யுபிஐயில் செலவு செய்தால் பாயின்ட் எவ்வளவு?" என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். எந்த நெட்வொர்க் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2024இல் கொண்டுவந்த விதி. சில நிறுவனங்களுக்கு விலக்கு இருக்கிறது, பெரும்பாலான வங்கிகளுக்குப் பொருந்தும்.

பெட்ரோல் கதை தனி.

பங்க்கில் கிரெடிட் கார்டு தேய்த்தால் பொதுவாக 1 சதவிகிதம் சர்சார்ஜ், அதன் மேல் 18 சதவிகிதம் ஜிஎஸ்டி. "ஃபியூயல் சர்சார்ஜ் தள்ளுபடி" என்று விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது இந்த ஒரு சதவிகிதத்தைத்தான். அதாவது உங்களிடம் எடுத்ததையே திருப்பித் தருகிறார்கள், அதுவும் ஜிஎஸ்டியைப் பிடித்துக்கொண்டு. சாதாரண யுபிஐயிலோ ரொக்கமாகவோ கொடுத்தால் இந்தக் கட்டணமே கிடையாது. அதனால் இதை லாபக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

ஸ்கூட்டர்காரர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. பல கார்டுகளில் ஒரு முறைக்கு 400 ரூபாய்க்கு மேல் போட்டால்தான் இந்தத் தள்ளுபடி. "இருநூறுக்குப் போடுங்கண்ணா" என்பவர்களுக்கு இல்லை. சர்சார்ஜ் குறைந்தபட்சம் 10 ரூபாய் என்று வைத்திருக்கும் வங்கிகளும் உண்டு. 200 ரூபாய்க்கு 10 ரூபாய் என்றால் அதுவே ஐந்து சதவிகிதம், ஆனால் எதிர்த்திசையில்! போதாததற்கு, சாதாரணக் கார்டுகள் பலவற்றில் பெட்ரோல் செலவுக்கு ரிவார்டு பாயின்ட்டே கிடையாது.

பெட்ரோலுக்கு நிஜமாகவே ஏதாவது திரும்ப வர வேண்டும் என்றால் எண்ணெய் நிறுவனத்தோடு சேர்ந்து வங்கி தரும் கார்டுதான் வழி. இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் மூன்றுக்கும் அப்படிக் கார்டுகள் இருக்கின்றன. உதாரணத்துக்கு, பிபிசிஎல் எஸ்பிஐ கார்டை எடுத்துக்கொள்ளலாம். "4.25 சதவிகிதம் மதிப்பு திரும்ப" என்பது அதன் விளம்பரம். பிரித்தால், 3.25 சதவிகிதம் பாயின்ட், மீதி 1 சதவிகிதம் மேலே சொன்ன சர்சார்ஜ் தள்ளுபடி. பாரத் பெட்ரோலியம் பங்க்கில் 100 ரூபாய்க்கு 13 பாயின்ட், மளிகைக்கு 100 ரூபாய்க்கு 5 பாயின்ட். நான்கு பாயின்ட் சேர்ந்தால் ஒரு ரூபாய். இந்த நான்குக்கு ஒன்று என்பதைத்தான் பலரும் பார்ப்பதில்லை. ஐந்து பாயின்ட் என்றதும் ஐந்து ரூபாய் என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அது ஒன்றேகால் ரூபாய்.

நம் குடும்பத்துக்குப் போட்டுப் பாருங்கள். பெட்ரோல் 3,000க்கு 390 பாயின்ட், அதாவது 97 ரூபாய் 50 காசு. சூப்பர் மார்க்கெட் 4,000க்கு 200 பாயின்ட், 50 ரூபாய். மாதம் 147 ரூபாய் 50 காசு. வருஷத்துக்கு 1,770.

9,600 எங்கே, 1,770 எங்கே! ஆண்டுக் கட்டணம் 499 ரூபாயும் ஜிஎஸ்டியும். முதல் வருஷக் கட்டணத்துக்கு ஈடாக 2,000 பாயின்ட் தருகிறார்கள். வருஷத்தில் 50,000 ரூபாய் செலவு செய்தால் அடுத்த கட்டணம் இல்லை. மாதம் 7,000 என்றால் 84,000 ஆகிவிடும், ஆகவே இந்தக் குடும்பம் தப்பித்தது. மாதம் 3,000 மட்டும் தேய்க்கும் ஓய்வூதியர் தப்ப முடியாது. கார் வைத்து மாதம் 10,000 ரூபாய்க்குப் பெட்ரோல் போடுகிறவருக்கு 1,300 பாயின்ட், 325 ரூபாய். பெட்ரோல் பாயின்ட்டுக்கு மாத உச்சவரம்பும் அதுதான். (விதிகளை வங்கிகள் அடிக்கடி மாற்றுகின்றன. விண்ணப்பிக்கிற அன்றைய விதிமுறையை வங்கியின் தளத்தில் பார்த்துவிடுங்கள்.)

ஆண்டுக் கட்டணமே இல்லாத கார்டு பரவாயில்லையா? அமேசான் பே ஐசிஐசிஐ கார்டு அந்த ரகம். அமேசானில் வாங்கினால் பிரைம் உறுப்பினருக்கு 5 சதவிகிதம், மற்றவர்களுக்கு 3. வெளிக்கடைகளில் 1 சதவிகிதம், பெட்ரோலுக்கு எதுவும் கிடையாது. சூப்பர் மார்க்கெட் 4,000க்கு 40 ரூபாய்தான் வரும். மாதச் சாமானை ஆன்லைனில் வாங்கும் வீட்டுக்கு இது சரி. நம் குடும்பத்துக்குப் பெட்ரோல் கார்டே மேல், ஆபீஸ் போகிற வழியில் அந்த நிறுவனத்தின் பங்க் இருந்தால். பாயின்ட்டுக்காக மூன்று கிலோமீட்டர் சுற்றிப் போனால் பாயின்ட் பெட்ரோலாகவே எரிந்துவிடும். முதலில் பங்க்கைப் பாருங்கள், பிறகு கார்டைப் பாருங்கள்.

பால் கணக்கை விட்டுவிட்டோம். வங்கி தராத ஒரு ரிவார்டு கார்டு சென்னையில் ரொம்ப நாளாக இருக்கிறது: ஆவின் மாத அட்டை. 2022 நவம்பரில் ஆரஞ்சு பாக்கெட் பால் லிட்டர் 48 ரூபாயிலிருந்து 60 ஆக உயர்ந்தபோது, மாத அட்டைக்காரர்களுக்கு 46 ரூபாயே நீடித்தது. லிட்டருக்கு 14 ரூபாய் வித்தியாசம். தினம் ஒரு லிட்டர் வாங்கிய வீட்டுக்கு மாதம் 420 ரூபாய் மிச்சம். இருபத்து மூன்று சதவிகிதம்! பாக்கெட் நிறமும் ரகமும் பிறகு மாறின என்றாலும், பேங்க் கார்டுக்கு அலைகிறவர்கள் முதலில் பக்கத்து ஆவின் பூத்தில் அட்டை கிடைக்கிறதா என்று விசாரிப்பது நல்லது. சர்சார்ஜ் இல்லை, வட்டி இல்லை, சிபில் ஸ்கோரும் கேட்க மாட்டார்கள்.

வட்டி என்றதும் நிற்க வேண்டும். பாயின்ட் எங்கிருந்து வருகிறது? கொஞ்சம் கடைக்காரர் கட்டும் கட்டணத்திலிருந்து. மீதி, பில்லை முழுதாகக் கட்டாதவர்கள் தரும் வட்டியிலிருந்து. 20,000 ரூபாய் பில்லுக்கு "குறைந்தபட்சம் 1,000 கட்டினால் போதும்" என்று ஸ்டேட்மென்ட் சொல்லும். கட்டிவிட்டு மீதி 19,000ஐ அடுத்த மாதத்துக்குத் தள்ளினால், மாதம் மூன்றே முக்கால் சதவிகித வட்டியில் 712 ரூபாய், அதற்கு ஜிஎஸ்டி 128 ரூபாய். தோராயமாக 840. நம் குடும்பத்தின் ஆறு மாதப் பாயின்ட் ஒரே மாதத்தில் போய்விட்டது. இதோடு முடியாது. பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடையாது, தேய்த்த அன்றே வட்டி ஓட ஆரம்பிக்கும்.

ஆண்டுக்கு 45 சதவிகிதம் வட்டி வாங்கச் சட்டம் விடுமா என்று கேட்கலாம். 30 சதவிகிதத்துக்கு மேல் வாங்குவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னது. அந்தத் தீர்ப்பை 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆக, வேலி இல்லை. மாசக் கடைசியில் கைமாற்று வாங்கும் நிலையில் இருக்கிற வீடு, எந்த ரிவார்டு கார்டையும் இப்போதைக்குத் தொடாமல் இருப்பதே புத்திசாலித்தனம். அந்த வீட்டில் பாயின்ட் சேர்வதற்கு முன்பு பாக்கி சேர்ந்துவிடும்.

முழுதாகக் கட்ட முடியும் என்கிற வீட்டுக்கு ஒரு உபாயம்: சம்பளம் ஒன்றாம் தேதி வந்தால், கெடு தேதி ஐந்தை ஒட்டி வரும்படி பில் தேதியை மாற்றச் சொல்லுங்கள். ஒரு முறையாவது மாற்றிக்கொள்ள வாய்ப்பு தர வேண்டும் என்று விதியே இருக்கிறது. முழுத் தொகையும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி எழுதிக் கொடுங்கள். அந்தப் படிவத்தில் "முழுத் தொகை", "குறைந்தபட்சத் தொகை" என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். இரண்டாவதில் டிக் அடித்துவிட்டு, பணம்தான் மாதா மாதம் போகிறதே என்று நிம்மதியாக இருந்து மாட்டிக்கொண்டவர்கள் நிறைய. சம்பளச் சான்று இல்லாத இல்லத்தரசிகளுக்கு, வைப்புத்தொகையை ஈடாக வைத்துக் கார்டு தரும் வங்கிகள் உண்டு. கணவரின் கார்டில் கூடுதல் கார்டும் வாங்கலாம். ஆனால் பில் ஒன்றுதான், கட்ட வேண்டியவர் முதல் கார்டுக்காரர்.

ஒரு வருஷம் பார்த்தும் லாபம் இல்லை என்றால் கார்டை மூடிவிடலாம். பாக்கி எதுவும் இல்லாதபோது, மூடச் சொன்ன ஏழு வேலை நாட்களுக்குள் வங்கி மூட வேண்டும். தாமதித்தால் ஒரு நாளைக்கு 500 ரூபாய் வீதம் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு உத்தரவு. "இன்னும் ரெண்டு மாசம் வெச்சுப் பாருங்க மேடம்" என்று போன் வரும். கோரிக்கையை மின்னஞ்சலில் அனுப்பித் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். அனுப்புவதற்கு முன்பு, மிச்சமிருக்கும் பாயின்ட்டுக்குப் பெட்ரோல் போட்டுவிடுங்கள். கார்டு மூடினால் பாயின்ட்டும் போய்விடும்.