தஞ்சாவூர் வெயிலில் குல்லா எதற்கு?

பாட்டி உல்லன் நூலையும் ஊசியையும் கையில் எடுத்தால் வீட்டில் யாராவது ஒருவர் சிரிப்பார்கள். ‘இந்த ஊர் வெயிலுக்குக் குல்லாவா?’ என்பார்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிறவர்களுக்குத்தான் அது தேவை என்பது டெல்டா பக்கத்து எண்ணம்.

பிறந்த குழந்தையின் கணக்கு வேறு. அம்மாவின் வயிற்றுக்குள் ஏறக்குறைய 37 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருந்த உடம்பு, ஈரத்தோடு ஃபேன் சுற்றும் அறைக்கு வருகிறது. பெரியவர்களுக்கு இதமாக இருக்கும் காற்று அதற்குக் குளிர். நடுங்கி உடம்பைச் சூடாக்கிக்கொள்ளவும் அதனால் முடியாது. அதன் உடல் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தலைதான். ஈரத்தைத் துடைக்காமல், தலையை மூடாமல் விட்டால் சூடு மளமளவென்று இறங்கிவிடும்.

பிறந்த குழந்தையின் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குக் கீழே போனால், எடை கூட வேண்டிய சக்தியெல்லாம் உடம்பைச் சூடாக்குவதிலேயே செலவாகிவிடும். இரண்டரை கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைக்கும், மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைக்கும் இது உயிர்ப் பிரச்னை.

1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் போதாத மருத்துவமனையில் டாக்டர் எட்கர் ரே ஒரு வழி கண்டார். எடை குறைந்த குழந்தையை அம்மாவின் நெஞ்சோடு சேர்த்து, தோலோடு தோல் படும்படி கட்டிவைக்கச் சொன்னார். ‘கங்காரு பராமரிப்பு’ என்ற பெயரில் அது இங்குள்ள மருத்துவமனைகளுக்கும் வந்துவிட்டது. அப்போது குழந்தைக்குப் போடுவது குல்லா, காலுறை, டயபர், அவ்வளவுதான். அதனால் பாட்டி பின்னுவது வெறும் பொழுதுபோக்கு இல்லை.

டெல்டா ஊர்களின் பிரசவங்களைப் பார்க்கும் தஞ்சாவூர் ராஜா மிராசுதார் அரசு மருத்துவமனை போன்ற இடங்களுக்குக் கொடுக்க நினைத்தால், முதலில் பிரசவ வார்டு நர்ஸிடம் கேட்டுவிடுவது நல்லது. என்ன அளவு வேண்டும், எத்தனை வேண்டும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். நிறைமாதக் குழந்தையின் தலைச் சுற்றளவு பெரும்பாலும் 33 முதல் 35 செ.மீ. இழுத்தால் விரியும் பின்னலில் 30 செ.மீ. சுற்றளவு போதும். குறைமாதக் குழந்தைக்கு இன்னும் சிறிதாக வேண்டும். இந்த ஊருக்கு மெல்லிய பருத்தி நூலே ஏற்றது. பட்டன், மணி, ரிப்பன், குஞ்சம் எதுவும் வேண்டாம். முடிச்சுகள் வெளிப்பக்கம் இருந்தால் தலையில் உறுத்தாது. தோய்த்து, வெயிலில் நன்றாக உலர்த்திக் கொடுக்க வேண்டும்.

தனியாகப் பின்னினால் நாலைந்துதான் தேறும் என்று தயங்குகிறவர்களுக்குச் சென்னையில் ஓர் உதாரணம் உண்டு. சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ குழுவில் பெண்கள் அவரவர் வீட்டில் பின்னிய துண்டுகளை ஒன்றாக இணைத்தார்கள். 2016 ஜனவரி 31-ல் அது 11,148.5 சதுர மீட்டர் போர்வையாகி கின்னஸ் சாதனை ஆனது. பிறகு அதைப் பிரித்து, இல்லாதவர்களுக்குப் போர்வைகளாகக் கொடுத்தார்கள். ஒவ்வொருவரும் பின்னியது சில துண்டுகள்தான்.

குல்லா போடத் தெரிந்தால் மட்டும் போதாது, கழற்றவும் தெரிய வேண்டும். குழந்தையின் வயிறும் உள்ளங்காலும் வெதுவெதுப்பாக இருந்தால் சரி. வயிறு சூடாகவும் கால் சில்லென்றும் இருந்தால் குளிர்கிறது என்று அர்த்தம்; உடனே அணைத்துக்கொள்ள வேண்டும். இரண்டுமே சில்லென்று இருந்தால் அணைத்தபடியே டாக்டரிடம் போக வேண்டும். வீட்டுக்கு வந்து எடை கூடிய குழந்தைக்குச் சித்திரை வெயிலில் குல்லா தேவையில்லை. தூங்கும்போது போட்டால் சூடு அதிகமாகிவிடும்.

பச்சைக் குழந்தைக்கு முதலில் பழைய துணி போடுவது இந்தப் பக்கத்து வழக்கம். கழற்றிய குல்லாவைத் தோய்த்து மடித்து வைத்தால், அடுத்து வளைகாப்பு நடக்கும் வீட்டுக்கு அது போய்ச் சேரும்.