பெட்டிக்குள்ளிருந்து வந்த சிறுமியர்

தொலைக்காட்சிப் பெட்டி என்ற அளவிலேயே முகஞ்சுளிப்பது தமிழ்ப்பற்றாளர் பலர்க்கு வழக்கமாகிவிட்டது. அதற்குக் கரணியம் இல்லாமலில்லை. பத்துச் சொல் பேசினால் ஐந்து ஆங்கிலமாய் உதிர்க்கும் நிகழ்ச்சியாளரும், அழுகையையும் சூழ்ச்சியையும் நாள்தோறும் விற்கும் நெடுந்தொடர்களும் அப்பெட்டியை அந்நிலைக்குத் தாழ்த்தியுள்ளனர். ஆயினும் வெறுத்தொதுக்குவது வேறு; ஆய்ந்து பார்ப்பது வேறு. கடந்த முப்பதாண்டுகளுக்கு மேலாக, அதே பெட்டியின் வழியே சில சிறுமியர் உலகின் குழந்தைகளிடம் வந்து சேர்ந்துள்ளனர். சிலர் வரைகோலால் ஆனவர். சிலர் துணியாலும் பஞ்சாலும் ஆனவர். பெண்குழந்தைக்கும் அறிவுண்டு, துணிவுண்டு, வீட்டில் பங்குண்டு என்பதைக் குழந்தைகளுக்கே காட்டுதற்கெனப் படைக்கப்பட்டவர்கள் இவர்கள். இதனைப் பிள்ளை விளையாட்டென்று தள்ளுவோர், பெண்ணைப் பற்றிய இழிந்த எண்ணம் வேரூன்றுவதும் பிள்ளை விளையாட்டுக் காலத்திலேதான் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இவர்களுள் முதற்கண் எண்ணத்தக்கவள் மீனா. தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பு 1990-ஆம் ஆண்டினைப் பெண்குழந்தை ஆண்டாகவும், 1991 முதல் 2000 வரையிலான காலத்தைப் பெண்குழந்தைப் பத்தாண்டாகவும் அறிவித்தது. இத்தகைய அறிவிப்புகள் பெரும்பாலும் தாளிலேயே உறங்கிவிடும். இஃது உறங்காமற் போனதற்கு, ஒன்றிய நாடுகளின் குழந்தைகள் நிதியமாகிய யுனிசெப்பு வங்காள நாட்டில் தொடங்கிய ஒரு முயற்சியே கரணியம். ஏட்டில் எழுதியதைத் திரையில் ஒரு சிறுமியாக நடமாடவிட வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்தனர். இந்திய ஓவியப்பட வல்லுநர்களுள் மூத்தவரும், 2019-இல் மறைந்தவருமான இராம் மோகன் அவளுக்கு உருக்கொடுத்தார்.

உருக்கொடுத்த முறை குறிக்கத்தக்கது. நகரத்து அறைக்குள் அமர்ந்து வரைந்து முடித்துவிடவில்லை. பல நாட்டுச் சிற்றூர்களிலும் படங்களைக் காட்டித் தாய்மாரையும் பிள்ளைகளையும் கேட்டனர். எந்த முகம் தம் வீட்டு முகமாகத் தோன்றுகிறது, எந்த உடை தம் ஊர்ச் சிறுமிக்கு அயலாகப் படவில்லை, எந்தக் கதையைத் தம் வீட்டிலும் நடப்பதாக ஒப்புவர் என்றெல்லாம் வினவித் தெளிந்தபின்னரே மீனா பிறந்தாள். இந்துக்களும் இசுலாமியரும், வங்காளரும் நேபாளரும் ஒருங்கே தம்மவள் என்று கொள்ளத்தக்க பெயராக இப்பெயர் தேர்ந்தெடுக்கப்பட்டது. இவ்விடத்தே ஒன்று சொல்லாமல் விடுதல் இயலாது. மீன் என்பது தூய தமிழ்ச்சொல். மின்னுவது மீன். வடமொழியின் 'மீன' என்பதும் திராவிடத்தினின்று சென்றதே எனப் பரோ முதலிய மேலை மொழிநூலாரும் கொண்டனர். நான்கு நாட்டார் கூடித் தேடிய பொதுப்பெயர் ஈற்றில் தமிழின் வேரில் வந்து நின்றது.

மீனாவின் முதற்படம் 1992-இல் வந்தது. கோழிக்குஞ்சுகளை எண்ணும் கதை. மீனாவின் உடன்பிறந்தான் இராசு பள்ளிக்குப் போகிறான். மீனா போகவில்லை, பெண்ணுக்குப் பள்ளி எதற்கென்பது தந்தையின் எண்ணம். அவளோ தன் கிளி மித்துவைப் பள்ளிச் சாளரத்துக்கு விடுக்கிறாள். கிளி கேட்டு வந்து ஒப்புவிக்கும் எண்களை அவள் கற்கிறாள். ஒருநாள் குஞ்சுகளை எண்ணுகையில் ஒன்று குறைகிறது. எண்ணத் தெரிந்தமையால் குறை தெரிகிறது. குறை தெரிந்தமையால் கள்வன் பிடிபடுகிறான். அதன்பின் தந்தையே அவளைப் பள்ளிக்கு விடுக்கிறார்.

மற்றொன்று மாங்கனிக் கதை. மரமேறிக் கனி பறித்தவள் மீனா. பெரிய துண்டு கிடைத்ததோ இராசுவுக்கு. ஆண்பிள்ளைக்கு வேலை மிகுதி, ஆதலால் உணவும் மிகுதி என்கின்றனர் பெரியோர். அவ்வாறாயின் ஒருநாள் இருவரும் வேலையை மாற்றிக்கொள்வோம் என்கிறாள் மீனா. மாலைக்குள் இராசு சோர்ந்து போகிறான். தமக்கையின் வேலையையும் செய்து, தமக்கைக்கு வைக்கும் சோற்றையும் உண்டு பார்த்த பின்னரே அவனுக்கு உண்மை விளங்குகிறது.

பேசுங் கிளியொன்றைத் தவிர இக்கதைகளில் வியப்பேதுமில்லை. மீனா பறப்பதில்லை, பகைவரை அடித்து வீழ்த்துவதில்லை. கோழி, மாங்கனி, சோற்றுத்தட்டு இவையே அவளுடைய போர்க்களம். இளமை மணத்தையும் மணக்கொடைக் கொடுமையையும் பிற்படங்கள் எடுத்துரைத்தன. அங்கும் அவள் வீட்டாரைப் பகைத்து வெளியேறவில்லை. வீட்டுக்குள்ளேயே நின்று வினவினாள். வங்காள நாட்டார் செப்தம்பர் 24-ஆம் நாளை மீனா நாள் எனக் கொண்டாடும் அளவுக்கு அவள் அவர்தம் குடும்பத்தில் ஒருத்தியாயினாள். பெண்ணுரிமை பற்றிய நூறு மேடைப் பேச்சுகள் செய்யாததை ஒரு மாங்கனித் துண்டு செய்யும் என்பதை அப்படத்தை ஆக்கியோர் அறிந்திருந்தனர்.

இனி, தமிழர்க்கு இதெல்லாம் எதற்கு என்பார் ஒருசாரார் உளர். ஔவையாரும் வெள்ளிவீதியாரும் ஒக்கூர் மாசாத்தியாரும் காக்கைபாடினியாரும் பாடிய இனத்துக்குப் பெண்ணின் பெருமையை ஒரு படப்பெட்டி வந்தா கற்பிக்க வேண்டும் என வினவுவர். கேட்பதற்கு இனிய வினாவே. ஆயின் ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய பெருமை இற்றைச் சோற்றுத்தட்டில் வந்து விழுவதில்லை. உசிலம்பட்டி வட்டாரத்தில் பெண்மகவுகளுக்குக் கள்ளிப்பால் புகட்டப்பட்ட செய்தி 1986-இல் நாடெங்கும் பரவியது. மீனா முதன்முதலில் கோழிக்குஞ்சை எண்ணிய அதே 1992-ஆம் ஆண்டிலேதான், பெற்றோர் வேண்டாவென ஒதுக்கிய பெண்மகவுகளை ஏற்றுக்கொள்ளச் சேலம் மாவட்டத்தில் தமிழ்நாட்டரசு தொட்டில் கட்டித் தொங்கவிட நேர்ந்தது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் ஆறு அகவைக்குட்பட்ட ஆண்குழந்தைகள் ஆயிரவர்க்குப் பெண்குழந்தைகள் 943 பேரே. ஆண்களில் எழுத்தறிந்தோர் ஏறத்தாழ 87 விழுக்காடு. பெண்களில் 73 விழுக்காடு. ஔவையின் பெயரைச் சொல்லிக்கொண்டே இவ்வெண்களைக் கடந்து செல்வது தமிழ்ப்பற்று ஆகாது. சங்கப் பெண்பாற் புலவர் பெயர்களை மனப்பாடமாய் ஒப்புவிக்கும் வீட்டிலும், முட்டை தம்பிக்கும் குழம்பு அக்கைக்குமாகப் போவதுண்டு.

தமிழ்நாட்டுப் பிள்ளைகள் மீனாவினும் நன்கறிந்தவள் வேறொருத்தி. 2000-ஆம் ஆண்டு ஆகத்துத் திங்களில் அமெரிக்காவின் நிக்கலோடியன் தொலைக்காட்சியில் முதன்முதல் தோன்றிய டோரா, 2007-இல் தொடங்கப்பெற்ற சுட்டித் தொலைக்காட்சி வழியே 'டோராவின் பயணங்கள்' எனத் தமிழ் பேசி வந்தாள். (டகரம் தமிழில் மொழிமுதல் வாரா எழுத்து. ஆதலின் இனித் தோரா என்றே வழங்குவோம், அச்சிறுமி சினங்கொள்ளமாட்டாள்.) ஏழு அகவைச் சிறுமி, முதுகில் பை, கையில் வழிகாட்டும் நிலப்படம், உடன் ஒரு குரங்குத் தோழன். ஆற்றையும் மலையையும் கடப்பாள். களவாட வரும் குள்ளநரியைச் சொல்லாலேயே தடுப்பாள். மீட்க வரும் அரசிளங்குமரன் எவனுமில்லை. இடையிடையே நின்று, பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையை வினவி, விடைக்குக் காத்திருப்பாள். தமிழ்நாட்டின் எத்தனையோ வீடுகளில் ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் பெட்டியை நோக்கி விடை கூவினர். வழிகாட்டுபவள் ஒரு சிறுமி என்பதை அவ்வாண்பிள்ளைகள் ஒரு குறையாகக் கருதவில்லை. அவள் தமிழில் வினவியதும் நன்றே. ஆங்கில வழிப் பள்ளியில் நாளெல்லாம் அடைபட்டு வரும் குழந்தைக்கு மாலையில் அரைமணி நேரமேனும் தாய்மொழியில் விடைகூற வாய்த்தது.

ஆயின் அப்படத்தின் உயிர்நிலை ஒன்று தமிழுக்கு வருமுன் உதிர்ந்துபோயிற்று. தோரா தென்னமெரிக்க, நடு அமெரிக்க மக்களின் வழிவந்தவளாகப் படைக்கப்பட்டவள். அவர்தம் தாய்மொழி இசுபானியம். அமெரிக்கப் பள்ளிகளில் இசுபானியம் பேசியமைக்காகப் பிள்ளைகள் ஒறுக்கப்பட்ட காலமுண்டு. அந்நாட்டிலே, ஆங்கிலம் பேசும் குழந்தைகளெல்லாம் வாய்விட்டுச் சொல்லும்படி தன் மொழிச்சொற்களைக் கற்பித்தவள் தோரா. கதவு திறக்க வேண்டுமா, இசுபானியத்திற் சொல். ஏணி ஏற வேண்டுமா, இசுபானியத்தில் எண்ணு. அவள் துணிவிற் பாதி மலையேறியதில் இருந்தது. மறுபாதி, தன் வீட்டு மொழியை நாணாமல் பேசியதில் இருந்தது. பிற நாடுகளுக்குப் படம் பெயர்க்கப்பட்டபோது பெரும்பாலும் இசுபானியத்தின் இடத்தில் ஆங்கிலம் வந்தமர்ந்தது. ஒடுக்கப்பட்ட மொழிக்கு வாய்தந்த சிறுமி, எவர் துணையும் வேண்டாத மொழிக்கு ஊதியமில்லா ஆசிரியை ஆக்கப்பட்டாள். இதனை எல்லாரும் அப்படியே ஏற்றுக்கொண்டனரா? இல்லை. நியூசிலாந்தின் மாவோரி மக்கள் தம் தொலைக்காட்சியில் அவளை மாவோரி மொழியிலேயே பேச வைத்தனர். தொகையால் தமிழரில் ஒரு சிறுகூறே அம்மக்கள்.

வணிகர் கையில் அவள் பட்ட பாடு வேறு. 2009-இல் பொம்மை விற்கும் பெருநிறுவனமாகிய மேட்டல், சிறிது வளர்ந்த தோராவென ஒரு பொம்மையை அறிவித்தது. நீள்கூந்தலும் ஒயிலுடையுமாக அவள் வந்தாள். மலையேறியவள் வளர்ந்தால் கண்ணாடிமுன் நிற்பாள் என்பது வணிகர் கணக்கு. அமெரிக்கப் பெற்றோர் பலர் கொதித்தெழுந்தனர். அவர்கள் கொதித்ததில் தவறில்லை.

பாக்கித்தானில் 2013-இல் வந்த ஓவியத்தொடரின் தலைவி சியா ஒரு பள்ளியாசிரியை. பெண்பிள்ளைகளின் பள்ளியை மூட வருவோரைக் கரிய மேலங்கியணிந்து எதிர்க்கிறாள். அவள் படைக்கலம் நூலும் எழுதுகோலும். அவளது போர்முறைக்குக் கபடியின் பெயரை ஒட்டியே பெயரிட்டனர். சடுகுடு ஆடிய தமிழ்ப்பிள்ளைகள் கேட்டு மகிழலாம். தலைவியின் முகத்தை மூடிய மேலங்கி பற்றி அந்நாட்டுப் பெண்களிடையே வழக்கெழுந்தது. அவ்வழக்கு அவர்களுடையது, அவர்களே தீர்த்துக்கொள்வர்.

ஆப்கானித்தானத்துச் சரீயின் கதைதான் நெஞ்சை அறுப்பது. தமிழில் சரிகை என வழங்கும் சொல்லோடு உறவுடைய பெயர் அவளுடையது. அமெரிக்கப் பொம்மை நிகழ்ச்சியொன்றின் வழியே அந்நாட்டில் 2011 முதல் தரி, பசுத்தோ மொழிகளில் ஒளிபரப்பான குழந்தை நிகழ்ச்சியில், 2016-இல் அவள் சேர்ந்தாள். ஆறு அகவைச் சிறுமி, பள்ளிச் சீருடை, தலையில் முக்காடு. பெண் மருத்துவரைக் கண்டு, மருத்துவராவது எப்படியென வினவினாள். அடுத்த ஆண்டு அவளுக்குச் சீரக்கு என்றொரு தம்பியையும் படைத்தனர். பள்ளிக்குப் போகும் தமக்கையைக் கண்டு பெருமை கொள்பவன் அவன். தமக்கையை மதிக்கும் தம்பியையும் காட்ட வேண்டும் என்று எண்ணியவரின் நுண்ணறிவு பாராட்டத்தக்கது. ஆண்பிள்ளையைத் திருத்தாமல் பெண்பிள்ளைக்குத் துணிவு மட்டும் ஊட்டுவது அரைவேலை.

2021 ஆகத்தில் தாலிபான்கள் காபூலைக் கைப்பற்றினர். ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்களுக்குப் பள்ளியில்லை என்றாயிற்று. 2022 மார்ச்சில் பள்ளி திறக்கிறதென்று மகிழ்ந்து வந்த மாணவியர், அதே நாளில் திருப்பி விடுக்கப்பட்டனர். அவ்வாண்டு திசம்பரில் பல்கலைக்கழகக் கதவும் அடைபட்டது. 2016-இல் சரீயைக் கண்டு மகிழ்ந்த ஆறு அகவைச் சிறுமி 2022-இல் பன்னிரண்டு அகவையினள். மிகச் சரியாக அவள் அகவையிலேயே கதவு மூடப்பட்டது. படப்பெட்டி பள்ளிக்கூடத்தைக் காக்கவில்லை என்று இதைக்கொண்டு எள்ளுவோர் எள்ளட்டும். ஒரு பொம்மைக்கு அந்த ஆற்றல் உண்டென்று எவரும் சொன்னதில்லை. மருத்துவராவது எப்படியென்னும் வினா அச்சிறுமியர் நெஞ்சில் விழுந்தாயிற்று. அதனை எந்த ஆணையாலும் எடுத்தெறிய இயலாது.

தமிழ்நாட்டரசு 2019-இல் கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கியது. பாடங்களை ஒளிபரப்புதற்கு அது பயன்பட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் நன்கு பயன்பட்டது. அங்கே தமிழ்ச் சிறுமி ஒருத்தியைத் தலைவியாகக் கொண்ட ஓவியத்தொடர் ஒன்று தொடங்கப்படல் வேண்டும். இராம் மோகன் குழுவினர் போலச் சிற்றூர்தோறும் சென்று கேட்டுப் படைக்க வேண்டும். தருமபுரியிலும் தேனியிலும் கடலோரக் குப்பங்களிலும் வாழும் தாய்மாரைக் கேளாமல் சென்னையிலிருந்து வரைந்து அனுப்பலாகாது. பெயர் தமிழ்ப்பெயராக இருத்தல் வேண்டும். பேச்சு நல்ல தமிழாக இருத்தல் வேண்டும். தமிழன்பர்க்கும் இவ்விடத்தே ஒரு சொல்: நல்ல தமிழென்பது உரையாசிரியர் நடையன்று. ஏழு அகவைச் சிறுமி நச்சினார்க்கினியர் போலப் பேசத் தொடங்கினால் பார்க்கும் பிள்ளை எழுந்து வேறு நிகழ்ச்சிக்குப் போய்விடும். அங்கே ஆங்கிலம் காத்திருக்கும். 'அம்மா, அந்தத் துண்டு ஏன் அவனுக்கு?' என்பதும் தூய தமிழே. அதில் அயற்சொல் ஒன்றுமில்லை.

இதனை எழுதவேண்டியோர் தொடக்கப்பள்ளி ஆசிரியைமார். பெண்பிள்ளை எந்த வகுப்பில் பள்ளியை விட்டு நிற்கிறாள், ஏன் நிற்கிறாள், நின்றபின் எங்கே போகிறாள் என்பதை அவர்களே நன்கறிவர். வருகைப் பதிவேட்டில் ஒவ்வோராண்டும் அவர்கள் கைப்பட அடித்த பெயர்கள் உள. அவற்றுள் ஒவ்வொரு பெயர்க்கும் ஒரு கதையாக எழுதித் தரும்படி கல்வித்துறை அவர்களைக் கேட்கட்டும். தமிழமைப்புகள் அதற்கென விண்ணப்பம் எழுதி, வரும் கல்வியாண்டு தொடங்குமுன் துறை அமைச்சரிடம் நேரிற் சேர்ப்பிக்கட்டும்.